எட்டு மாதக் குழந்தையும் எவர்சில்வர் டம்ளரும்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், டி.பி. ரோடு என்று ஊரார் சுருக்கிச் சொல்லும் திவான் பகதூர் சாலையின் கடைகளில், 'ஆறு மாதத்திற்கு மேல்' என்று அட்டையில் அச்சிட்ட பொம்மைகளுக்குப் பஞ்சமில்லை. பொத்தானை அமுக்கினால் பாடும் பசுவோ விளக்கு மின்னும் கைப்பேசிப் பொம்மையோ வீடு வந்து சேர்ந்ததும், குழந்தை அதை இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குத் தவழ்ந்து சென்று, மேடைக்கடியில் இருக்கும் போசியையும் எவர்சில்வர் டம்ளரையும் இழுத்துப்போட்டுத் தட்டத் தொடங்கிவிடுகிறது என்பது பெற்றோர் பலரும் சொல்லும் குறை. இதையொட்டியே வரும் இன்னொரு குறை, சோறூட்டும்போது கையில் கொடுத்த கரண்டியைக் குழந்தை கீழே போடுவதும், எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுவதும், பெரியவர்கள் சலிக்கும்வரை அது நிற்காததும் ஆகும். அம்மிச்சி அதைச் சேட்டை என்று சொல்லிச் சிரிப்பார், அம்மா களைப்பின் மிகுதியில் அடம் என்பார். ஏறத்தாழ 90 ஆண்டுகளாகக் கைக்குழந்தைகளின் அறிவைச் சோதனைகளால் அளந்துவரும் குழந்தை வளர்ச்சி உளவியலோ, பொம்மை ஒதுக்கப்படுவதற்கும் கரண்டி விழுவதற்கும் ஒரே காரணத்தைக் காட்டுகிறது.

இங்கே பேசப்படுவது ஏறத்தாழ ஆறாம் மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான பருவம். இதன் தொடக்கத்தில் நடக்கும் பெரிய மாற்றம், குழந்தை பிடிமானமின்றி உட்காரக் கற்பதாகும், ஏனெனில் உடலைத் தாங்கும் வேலையிலிருந்து கைகள் விடுபடுவது அப்போதுதான். இந்த வரிசையைத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது பாடியது முதலாகத் தொடரும் பிள்ளைத்தமிழ் நூல்கள், கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையை முன்னும், இரு கைகளையும் சேர்த்துத் தட்டும் சப்பாணியைப் பின்னும் வைக்கின்றன. இலக்கண வழக்கில் செங்கீரைக்கு ஐந்தாம் மாதமும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதமும் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. குழந்தை மருத்துவர்கள் ஒன்பதாம் மாத அளவில் எதிர்பார்க்கும் அடையாளங்களுள் ஒன்று, இரு கைகளிலும் இரு பொருள்களைப் பிடித்து ஒன்றோடொன்று மோதுவது என்பதை நோக்கினால், அந்த வரிசை வெறும் கவிமரபு அன்று என்பது விளங்கும். அதே காலத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் நுனியில் கூடிச் சிறு பொருளைக் கிள்ளியெடுக்கும் நுனிவிரல் பிடியும் கைவருகிறது. பலரும் கவனிக்காதது, பிடித்ததை வேண்டுமென்றே விடுவது பிடிப்பதைவிடப் பிந்தி வரும் திறன் என்பதுதான். கரண்டி விழுவதில் ஒரு பாதி, புதிதாகக் கற்ற இந்தத் திறனின் பயிற்சி.

மறுபாதியை முதலில் முறையாகப் பதிந்தவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே (1896–1980). தம் மூன்று குழந்தைகளைத் தொட்டிற் பருவத்திலிருந்தே நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதிய அவர், மகன் லோரான் பத்து மாத வயதில் படுத்தவாறே பொம்மைகளைக் கைநழுவவிட்டதையும், ஒவ்வொரு முறையும் கையை வேறு திசையிலோ வேறு உயரத்திலோ நீட்டி, பொருள் எங்கே போய் விழுகிறது என்று பார்த்ததையும் எழுதிவைத்தார். ஒரே செயலை அப்படியே திரும்பச் செய்வது பழக்கம்; ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை மாற்றி விளைவைப் பார்ப்பது சோதனை. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது பியாஜேயின் பெரிய பங்களிப்பு.

பியாஜேயின் இன்னொரு கண்டுபிடிப்பு, பொருள் நிலைப்பு எனப்படும் கருத்து. கண்ணுக்கு மறைந்த பின்னும் பொருள் இருந்துகொண்டே இருக்கும் என்னும் அறிவையே இது குறிக்கிறது. ஆறு மாதக் குழந்தை ஆசையோடு கை நீட்டும் கிலுகிலுப்பையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினால், நீட்டிய கை அப்படியே நின்றுவிடும், குழந்தை வேறு பக்கம் திரும்பிவிடும். எட்டு மாதத்தை ஒட்டி அது துண்டை விலக்கித் தேடத் தொடங்குகிறது. இதிலிருந்து, அதற்கு முன் மறைந்த பொருள் குழந்தையைப் பொறுத்தவரை இல்லாத பொருள்தான் என்று பியாஜே முடிவு செய்தார்.

பேசத் தெரியாத குழந்தையின் மனத்தைக் கையின் செயலை வைத்தே அறிய முடியும் என்று கொண்டதால் வந்த முடிவு அது. கண்ணைச் சாட்சியாக எடுத்துக்கொண்டபோது வேறு விடை கிடைத்தது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை சலித்துப் பார்வையைத் திருப்பிக்கொள்ளும், எதிர்பாராதது நிகழ்ந்தால் நீண்ட நேரம் உற்றுப் பார்க்கும். இந்த நோக்கு நேரத்தைக் கணக்கிட்டால் குழந்தை எதை எதிர்பார்த்தது என்பதை ஊகிக்கலாம். 1985இல் ரெனே பையர்ஜோன், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாஸ்ஸர்மன் ஆகிய மூவரும் ஐந்து மாதக் குழந்தைகளின் முன் ஒரு பெட்டியை வைத்து, அதற்கு முன்னால் ஒரு தட்டியைச் சாய்த்து எழுப்பிப் பெட்டியை மறைத்தனர். தட்டி பெட்டியில் இடித்து நின்றபோது குழந்தைகள் அதிகம் அக்கறை காட்டவில்லை. பெட்டியே இல்லாததுபோலத் தட்டி அதனூடே சாய்ந்து முழுவதும் படுத்துவிட்டபோது (பெட்டியை ஆய்வாளர்கள் ஓசையின்றி அகற்றியிருந்தனர்) நெடுநேரம் பார்த்தனர். மறைந்த பெட்டி அங்கேயே இருக்கிறது என்று எண்ணாத குழந்தைக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை.

ஐந்து மாதத்திலேயே தெரிந்த ஒன்றை ஏன் எட்டு மாதம்வரை கை செய்து காட்டுவதில்லை? இந்த முரணில்தான் விளையாட்டுக்குரிய செய்தி இருக்கிறது. துண்டை விலக்கிய குழந்தையின் முன் இரண்டு துண்டுகளை விரித்து, பொம்மையை முதல் துண்டின் கீழ் சில முறை ஒளித்து எடுக்கவிட்டு, அதன் கண்ணெதிரே இரண்டாம் துண்டின் கீழ் ஒளித்தாலும், அது பழைய இடத்திலேயே கையை வைக்கும். அமெரிக்க ஆய்வாளர் அடெல் டயமண்ட் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிப்பதற்கும் தேடவிடுவதற்கும் இடையிலான காத்திருப்பே இந்தப் பிழையைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். ஏழரை மாதத்தில் இரண்டு விநாடிக்குக் குறைவான தாமதமே தடுமாறச் செய்கிறது. ஒரு வயதில் தடுமாறச் செய்யப் பத்து விநாடிக்கும் மேலான தாமதம் வேண்டியிருக்கிறது. இடத்தை நினைவில் வைத்திருப்பதும், பழகிப்போன கையசைவை அடக்குவதும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியின் பொறுப்பு, அது முதிர்வதோ மெதுவாகத்தான். ஆகவே எட்டு மாதக் குழந்தைக்கு ஒளித்து விளையாட ஒரு துண்டும் ஒரு மரக்கட்டையும் போதும். பத்து மாதத்தில் துண்டுகள் இரண்டாகலாம், ஒரு வயதில் ஒளித்த பின் சற்றுப் பேச்சுக்கொடுத்துக் காக்கவைக்கலாம். ஒரே விளையாட்டின் கடினத்தை இப்படிக் கூட்டிக்கொண்டே போகும் வசதி எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்கப்படுவதில்லை.

எதிர்பார்ப்புக்கும் விளையாட்டுக்கும் உள்ள தொடர்பை மிகத் தெளிவாகக் காட்டியது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் 2015இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. பதினோரு மாதக் குழந்தைகளுக்கு இரண்டு வகை விந்தைகள் காட்டப்பட்டன. ஒன்றில் உருண்டு வந்த பொருள் கெட்டியான சுவரை ஊடுருவி மறுபுறம் வந்தது போலிருந்தது. மற்றொன்றில் ஒரு பொருள் மேடையின் விளிம்பைத் தாண்டியும் விழாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தப் பொருளும் ஒரு புதுப் பொம்மையும் கையில் கொடுக்கப்பட்டபோது, புதுப் பொம்மையைவிட விந்தை செய்த பொருளையே குழந்தைகள் கூடுதலாக ஆராய்ந்தனர். அதைவிட வியப்பானது ஆராய்ந்த விதம். சுவரை ஊடுருவியதைக் கண்டவர்கள் பொருளை மேசைமேல் ஓங்கித் தட்டிப் பார்த்தனர், அந்தரத்தில் நின்றதைக் கண்டவர்கள் அதைக் கீழே போட்டுப் பார்த்தனர். 2022இல் ஜாஸ்மின் பெரேஸும் ஃபைகன்சனும் செய்த தொடராய்வில், விந்தைக்கான காரணம் காட்டப்பட்டதும், அதாவது சுவரில் ஓட்டை இருந்தது தெரிந்ததும், குழந்தைகளின் ஆர்வம் வடிந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டைப் புரட்டும்போது கணக்கு ஒத்துப்போகும் பக்கங்களை விரைந்து கடந்து, உதைக்கிற வரியில் மட்டும் விரலை வைத்து நின்றுவிடுவதைப் போல, குழந்தையின் கவனமும் தான் எதிர்பார்த்ததோடு ஒத்துவராத இடத்தில் நின்று, ஒத்துவரும்வரை அங்கேயே கிடக்கிறது.

இனி எவர்சில்வர் டம்ளருக்கு வரலாம். வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதால் அது நேராக உருளாது. வட்டமடித்து, விட்ட இடத்துக்கே ஏறத்தாழத் திரும்பி வரும். மொசைக் தரையில் விழுந்தால் கணீரென்றும், கோரைப்பாயில் விழுந்தால் மொத்தென்றும் ஒலிக்கும். கவிழ்த்துத் தட்டினால் ஓர் ஓசை, நிமிர்த்தித் தட்டினால் வேறு ஓசை. முதலில் தொடும்போது குளிர்ந்திருந்து பிடித்திருக்கப் பிடித்திருக்கச் சூடாகும். சிறியது பெரியதற்குள் போகும், பெரியது சிறியதற்குள் போகாது. வளைந்த பக்கத்தில் குழந்தையின் முகம் ஒடுங்கி நீண்டு தெரியும். குழந்தை ஒன்றை மாற்றிச் செய்தால் டம்ளரும் மாற்றிப் பதில் சொல்கிறது. பாடும் பசுவிடம் இருப்பது ஒரே பதில்: எங்கே எப்படி அமுக்கினாலும் அதே பாட்டு. முதல் இரண்டு நிமிடங்களில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறிவிடுவதால், அதற்குப் பிறகு பசுவிடம் ஆராய ஒன்றுமில்லை. கடையில் பெற்றோரைக் கவர்கிற அம்சமும் குழந்தையை விரட்டுகிற அம்சமும் ஒன்றாகவே இருப்பதைப் பொம்மை வணிகத்தின் வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்திய ஆய்வு மரபும் இதற்கு ஒத்துவருகிறது. பரோடாவில் பிரமிளா பாடக் தலைமையில் 1970ஆம் ஆண்டையொட்டி உருவாக்கப்பட்ட, இந்தியக் கைக்குழந்தைகளுக்கான வளர்ச்சி அளவுகோல், 67 உடலியக்க இனங்களையும் 163 மனவளர்ச்சி இனங்களையும் கொண்டு பிறப்பு முதல் இரண்டரை வயது வரையிலான வளர்ச்சியை அளக்கிறது. இவ்வகைச் சோதனைகளில் உளவியலாளர் குழந்தையின் முன் வைப்பவை கட்டை, கிண்ணம், மணி, கயிறு கட்டிய வளையம் போன்ற எளிய பொருள்களே. கயிற்றை இழுத்து வளையத்தைப் பெறுகிறதா, கட்டையைக் கிண்ணத்தில் போடுகிறதா, மூடியதைத் திறக்கிறதா என்பவையே பார்க்கப்படுகின்றன. சோதனைக்கு வேண்டியவை இவ்வளவுதான் என்றால், விளையாட்டுக்கும் இவற்றையே அடிப்படையாகக் கொள்ளலாம்.

ஒலியெழுப்பும் மின்பொம்மைகளுக்கு வேறொரு குறையும் உண்டு. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆன்னா சோசா, 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களின் வீட்டுப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, மின்பொம்மை, (மரப்புதிர், கட்டை போன்ற) வழக்கமான பொம்மை, படப்புத்தகம் ஆகிய மூன்றோடும் பெற்றோரும் பிள்ளையும் விளையாடியதை ஒப்பிட்டு 2015 டிசம்பரில் வெளியிட்டார். மின்பொம்மை பேசியபோது பெற்றோர் பேச்சைக் குறைத்துக்கொண்டனர். புத்தகத்தோடு பேச்சு மிகுந்திருந்தது, வழக்கமான பொம்மை இரண்டுக்கும் இடையில் நின்றது. பொம்மையை யாரும் தீயதாக வடிவமைக்கவில்லை. அது பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது பெரியவர்களின் இயல்பான பண்பு, அவ்வளவே. குழந்தைக்கு மொழி வருவதோ, அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி சொல்லும் மனிதரிடமிருந்துதான். இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்வதும் இந்தக் கணக்கை உள்ளடக்கியதே.

மனிதரே பொம்மையாகும் விளையாட்டுக்குத் தமிழ் வீடுகளில் குறைவில்லை. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் பங்கிட்டு, இரண்டு விரல்களை நண்டாக்கிக் கைவழியே ஊரவிட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் ஆட்டத்தை உற்றுக் கவனித்தால் ஒரு நுட்பம் தெரியும். ஆறேழு மாதக் குழந்தை அக்குளைத் தொட்ட பிறகு சிரிக்கிறது. சில வாரங்கள் பழகிய பின்னர் நண்டு முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்து வருவதை அது முன்னறிந்துவிட்டது. ஆட்டும் கை ஒரு கணம் தயங்கி நின்றால் குழந்தையின் பார்வை கையை விட்டு முகத்துக்குத் தாவும். நிறுத்தியவர் யார், ஏன் நிறுத்தினார் என்று முகத்தில் தேடும் அந்தப் பார்வையோடு ஒட்டி வளர்வதே கூட்டுக் கவனம், அதாவது ஒரே பொருளைத் தானும் மற்றவரும் சேர்ந்து கவனிக்கிறோம் என்னும் உணர்வு. ஒன்பதாம் மாதம் தொடங்கிச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டும் ஒரு வயதுக்குள் இது உறுதிப்படுகிறது.

எத்தனை பொம்மைகள் வேண்டும் என்னும் கேள்விக்கு நினைவாய்வுகள் உதவுகின்றன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கரோலின் ரோவி-கோலியர், தொட்டிலில் படுத்த குழந்தையின் கணுக்காலில் ஒரு நாடாவைக் கட்டி அதன் மறுமுனையை மேலே தொங்கும் ஆடுபொம்மையில் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும் என்று கற்ற குழந்தை, நாள்கள் கழித்து அதே பொம்மையைக் கண்டதும் உதைக்கிறதா என்று பார்த்து நினைவை அளந்தார். சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு, கைப்பிடியை அழுத்தினால் ஓடும் சிறு ரயில். ஆறு மாதத்தில் இரண்டு வாரமும், ஒரு வயதில் எட்டு வாரமும், ஒன்றரை வயதில் பதின்மூன்று வாரமும் நினைவு நின்றது. எனவே பாதிப் பொம்மைகளைப் பரண்மேல் எடுத்து வைத்துச் சில வாரங்கள் கழித்துத் திரும்பக் கொடுத்தால், குழந்தைக்கு அவை மறந்துபோயிருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. மாறியிருப்பது கை. உருட்ட மட்டுமே தெரிந்த டப்பாவை இப்போது திறக்கத் தெரியும், பழைய பொம்மையிடம் புதிய கேள்விகள் கேட்க முடியும். டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல், ஒன்றரை முதல் இரண்டரை வயதுள்ள 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் ஒரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டபோது, பொம்மைகள் குறைவாக இருந்தபோதே குழந்தைகள் ஒவ்வொன்றிலும் நெடுநேரம் நிலைத்து, பலவிதமாக விளையாடினர். அவர்கள் வயதில் சற்று மூத்தவர்கள் என்றாலும், தரையெங்கும் பொம்மை இறைந்த வீட்டுக்கு இது பொருந்தாது என்று சொல்ல வழியில்லை.

நிற்கத் தொடங்கும் குழந்தைக்குத் தமிழர் செய்து கொடுத்தது மூன்று சக்கர நடைவண்டி. தச்சர் செய்த, ஏறிச் செல்லாத சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டும் காட்சி பெரும்பாணாற்றுப்படையிலேயே இருக்கிறது. பட்டினப்பாலையின் சிறுதேருக்கு மூன்று கால்களும் உண்டு. நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கி, தன் கால்களைத் தானே பார்த்து, தள்ளும் விசைக்கேற்ப முன்னேறுகிறது. வழவழப்பான டைல்ஸ் தரையில் மட்டும் வண்டி குழந்தையை முந்திக்கொண்டு ஓடும் என்பதால், சக்கரங்களில் பழந்துணியை இறுகச் சுற்றுவது நல்லது. இன்று பல வீடுகளில் அதன் இடத்தைப் பிடித்திருக்கும், குழந்தையை நடுவே உட்காரவைக்கும் வட்டமான பேபி வாக்கர் முற்றிலும் வேறு பொருள். எடையை இருக்கை தாங்குகிறது, முன்தட்டு கால்களை மறைக்கிறது. 1999இல் வெளியான சீகல், பர்ட்டன் ஆய்வில், கால் தெரியாத வாக்கரில் பழகிய குழந்தைகள் உட்கார்ந்ததும் தவழ்ந்ததும் நடந்ததும் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான். படிக்கட்டில் உருண்ட விபத்துகளையும் கருதி, கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நடையைப் பழக்கக் கருவி வேண்டுமென்பதே ஐயத்துக்குரியது: நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் கணக்கிட்டபடி, நடை பழகும் குழந்தை தடையின்றி விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் வைத்து 17 முறை விழுகிறது. அதற்கு வேண்டியது வழியில் மேசை முனையில்லாத தரை.

இந்த வயதுக்குப் பாரம்பரியம் என்ற பெயரே போதிய சான்றாகாது. அம்பாசமுத்திரம் பக்கத்து மரச்சொப்புகள் அழகானவை, ஆனால் சிறு துண்டுகளாக இருப்பதால் மூன்று வயதுக்குப் பின்னரே உகந்தவை. பனையோலைக் கிலுகிலுப்பையின் நறுக்கிய ஓரம் வாய்க்குள் கீறும், பிரிந்தால் உள்ளிருக்கும் விதை தொண்டைக்குப் போகும். எதையும் வாயால் ஆராயும் பருவம் இது என்பதால், அளவே முதல் தகுதி. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளைக்கருவியின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் கூடாது, 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயம் உட்பட. பந்துக்கு அளவு இன்னும் பெரிது: அமெரிக்க விதி 44.5 மில்லிமீட்டர் கேட்கிறது, டேபிள் டென்னிஸ் பந்தோ 40தான். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அவற்றில் சாயம் உதிர்கிறதா, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று வாங்குபவரே பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது பாடும் பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். பேட்டரி அறைக்குத் திருகு மூடி இல்லாத பொம்மையை வாங்கவே கூடாது. பேட்டரி காணாமற்போய் குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், வாந்தியெடுக்க வைக்கவோ மலத்தில் வரும் என்று காத்திருக்கவோ செய்யாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கிளம்பிவிட வேண்டும்.